விசாரித்துக் கொடுப்பதா, விசாரிக்காமல் கொடுப்பதா?

சென்னையில் வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி அட்டை வைத்திருக்கிறார்கள். அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி, 2011 ஜூன் முதல். ரேஷன் கடையில் யாரும் சம்பளத்தைக் கேட்பதில்லை. வீட்டுப் பெண் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால் காசு கொடுக்க வேண்டாம், 2021 மே முதல். நடத்துநர் பார்ப்பது பெண்ணா என்பதை மட்டும்தான். அதே பெண் 2023இல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தபோது வருமானம், நிலம், கார், மின் இணைப்பு எண் எல்லாம் கேட்கப்பட்டன.

குடும்பம் ஒன்றுதான், விதி மூன்று. முதலாவது (அநேகமாக) எல்லோருக்கும், இரண்டாவது ஒரு பிரிவினர் எல்லோருக்கும், மூன்றாவது தகுதி பார்த்து. "கார் வைத்திருப்பவனுக்கு எதற்கு இலவச அரிசி?" என்ற டீக்கடைக் கேள்வியையும், "எனக்கு ஏன் ஆயிரம் வரவில்லை?" என்ற இ-சேவை மையத்துக் கேள்வியையும் நாம் நிர்வாகச் சிக்கலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அரசியல் தத்துவத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடக்கும் பெரிய சண்டைகளில் ஒன்று சரியாக இந்த இடத்தில்தான் நிற்கிறது.

சண்டையின் முதல் தரப்பு 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் எழுதியதிலிருந்து கிளைத்தது. எந்த வீட்டில் பிறந்தோம், என்ன திறமையோடு பிறந்தோம் என்பதெல்லாம் நாம் சம்பாதித்தவை அல்ல; அவற்றால் வரும் ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிட நியாயமில்லை என்றார். 1981இல் ரொனால்ட் டுவர்கின் இதை இன்னும் கூராக்கினார். தன் விருப்பத்தால் ஒருவர் பட்ட நஷ்டம் வேறு, தலையெழுத்தால் பட்டது வேறு. சமூகம் ஈடுகட்ட வேண்டியது இரண்டாவதை மட்டும். 1989இல் ஜி. ஏ. கோஹன் அந்தக் கோட்டை வேறு இடத்தில் போட்டார், ஆனால் கோடு போட வேண்டும் என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்த அணியை அதிர்ஷ்டச் சமத்துவவாதிகள் என்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவரும்போதுதான் விலை தெரியும். எது விருப்பம், எது விதி என்று பிரிக்க வேண்டுமானால் அரசு ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டும். ஆற்றோரம் குடிசை போட்டவர் தெரிந்தே போட்டாரா, வேறு இடம் கிடைக்காமல் போட்டாரா? வேலைக்குப் போகாத பெண் போக விரும்பவில்லையா, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? இதை எந்தத் தாசில்தார் எழுதித் தீர்ப்பது?

1998இல் ஜோனதன் வுல்ஃப் இந்த இடத்தில் கை வைத்தார். ஊரில் வேலை தாராளமாக இருக்கிறது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், உதவித்தொகை வாங்க நான் அரசிடம் நிரூபிக்க வேண்டியது என் திறமையின்மையை. தனக்குத் தானே ஒப்புக்கொள்ளவே கூசும் ஒன்றை அதிகாரி முன்னால் சாட்சியத்தோடு நிறுவ வேண்டும். பணம் நியாயமாகவே கைக்கு வரலாம், வாங்கும்போது மரியாதை போய்விடுகிறது. மறு வருடம் எலிசபெத் ஆண்டர்சன் இன்னும் கடுமையாக எழுதினார். சமத்துவ வாரியம் என்று ஒன்று மக்களுக்குக் காசோலையோடு கடிதம் அனுப்புவதாகக் கற்பனை செய்தார்: உங்கள் வாழ்க்கை மற்றவர்களுடையதைவிட மட்டமானது, ஆகவே இந்த ஈட்டுத்தொகை. தத்துவக் கட்டுரைகளில் இவ்வளவு எரிச்சலோடு எழுதப்பட்டவை குறைவு. அவர் முன்வைத்த மாற்று: சமத்துவம் என்பது கைக்கு வரும் பொருளின் அளவு மட்டும் அல்ல, குடிமக்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதும்தான். யாரும் யார் முன்னாலும் தலைகுனிந்து நிற்காத ஏற்பாடே இலக்கு.

இரண்டு தரப்பையும் கையில் வைத்துக்கொண்டு உரிமைத் தொகைப் படிவத்தைப் படித்தால் பல விஷயங்கள் புலப்படும்.

2023இல் வைத்த முக்கிய நிபந்தனைகள் இவை. விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர் வரை. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், டிராக்டர் போன்றவை இருக்கக் கூடாது. அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர் குடும்பங்களுக்குக் கிடையாது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண். தனியாக வருமானச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லவில்லை. இது நல்ல முடிவு, தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் நாட்களை மிச்சப்படுத்தியது. ஆனால் சான்றிதழ் இல்லாத இடத்தில், அரசின் தரவுத்தளங்களில் ஏற்கெனவே இருப்பவைதான் வருமானத்தின் இடத்தில் உட்காரும். சென்னையில் யாரும் 10 ஏக்கர் புன்செய் உழவில்லை. எனவே நகரத்தில் பெரும்பாலும் மின்மீட்டர்தான் நீதிபதி.

மீட்டரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆண்டுக்கு 3,600 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 600, ஒரு நாளைக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. ஏ.சி. இல்லாத சிறு குடும்பம் இதைத் தாண்டுவது அரிது. ஆனால் சென்னையில் மாடியில் ஒரு போர்ஷன், கீழே ஒரு போர்ஷன், இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் ஒன்றே ஒன்று என்ற ஏற்பாடு ஏராளம். ஒவ்வொரு குடித்தனமும் 320 யூனிட் எரித்தால் பில்லில் வருவது 640. தனித்தனியே இருவரும் வரம்புக்குள், மீட்டர் கணக்கில் இருவரும் வெளியே. இன்னொன்று: வீட்டில் நுரையீரல் நோயாளி ஒருவர் இருந்து, 350 வாட் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இரவும் பகலும் ஓடினால் அது மட்டுமே நாளைக்கு 8.4 யூனிட், வருடத்துக்கு 3,000க்கு மேல். மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தால் வரம்பு போய்விட்டது. டுவர்கின் கணக்கில் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஈடுகட்டப்பட வேண்டிய துரதிர்ஷ்டம் அது. அளவுகோல் அதையே வசதிக்கு அடையாளமாகப் படிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே மீட்டர் வழியாகத்தான் 2016 மே முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போகிறது, பணக்காரர்கள் வாழும் போட் கிளப் பங்களா உட்பட. அந்த 100 யூனிட் சேராமல் போகிறவர் யாரென்றால், வீட்டுக்குள் தனியே மாட்டிய சப்-மீட்டரில், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்த விலையைக் கட்டும் வாடகைக்காரர்.

அடுத்தது கோட்டுக்கு இருபுறமும் நிற்பவர்கள் கதி. வருமானம் 2,49,000 உள்ள குடும்பம் 12,000 பெற்று 2,61,000க்குப் போகிறது. 2,55,000 சம்பாதிக்கும் பக்கத்து வீடு 2,55,000லேயே நிற்கிறது. முன்னால் இருந்தவர் பின்னாலும் பின்னால் இருந்தவர் முன்னாலும் போயாகிவிட்டது. தொகையை ஒரே வெட்டாக நிறுத்தாமல் வருமானம் ஏற ஏறப் படிப்படியாகக் குறைத்தால் இது தீரும் என்பது பாடப்புத்தகப் பதில். அதற்கு ஒவ்வொரு குடும்பத்தின் வருமானமும் ஆயிரம் ரூபாய் துல்லியத்தில் தெரிய வேண்டும். கொத்தனார், பூக்கடை, சமையல் வேலை, ஆட்டோ என்று வாழும் நகரத்தில் அது தெரியவராது. ஆம், இல்லை என்ற இரண்டே பதிலோடு திட்டம் வகுக்கப்படுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, தகவல் இன்மை.

தகுதி பார்க்கும் எந்தத் திட்டத்திலும் இரண்டு வகைப் பிழை வரும்: தகுதியற்றவர் உள்ளே வருவது, தகுதியுள்ளவர் வெளியே போவது. ஒன்றை இறுக்கினால் மற்றது பெருகும். செய்தியாவது பெரும்பாலும் முதல் வகை. 'கார் வைத்திருப்பவருக்கும் ஆயிரம்' என்று தலைப்பு போடலாம். விண்ணப்பிக்கவே போகாத விதவை தலைப்பில் வரமாட்டார். இரண்டு பிழைக்கும் ஒரே எடை கொடுப்பது நடுநிலை போலத் தோன்றும். பசித்தவருக்கு 1,000 ரூபாய் போகாமல் இருப்பதும் பசியில்லாதவருக்கு 1,000 ரூபாய் போவதும் ஒரே அளவு தீங்கு என்று எந்தத் தரப்புத் தத்துவவாதியும் சொல்ல மாட்டார்.

இதைவிட ஆழமான ஒரு முடிச்சு இந்தத் திட்டத்தின் நோக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் கூலியில்லாமல் உழைக்கும் பெண்ணுக்கான அங்கீகாரம் என்றும் சொல்லப்பட்டது, ஏழைக் குடும்பத்துக்கான ஆதரவு என்றும் சொல்லப்பட்டது. முதலாவதுதான் காரணம் என்றால் கணவரின் வருமானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அண்ணா நகரில் கார் உள்ள வீட்டில் மூன்று வேளை சமைப்பவருக்கும் யாரும் கூலி கொடுக்கவில்லை. ஒரே அட்டையில் மாமியார், மருமகள் இருவரும் உழைத்தால் ஒருவருக்கு மட்டும் ஏன்? இரண்டாவதுதான் காரணம் என்றால் பெண் இல்லாத ஏழை வீடு என்ன பாவம் செய்தது? கொடுப்பதற்கான காரணம் எதுவோ, அதுவே யாருக்கு என்பதையும் தீர்மானிக்க வேண்டும். இரண்டு காரணத்தை ஒரே படிவத்தில் அடைத்தால், கணவர் சம்பளத்தைக் காட்டி நிராகரிக்கப்பட்ட பெண்ணுக்குத் தன் உழைப்பு கணக்கில் வரவில்லை என்றுதான் தோன்றும். அவர் கோபத்தை வெறும் ஆசை என்று தள்ளிவிடுகிறோம். அவர் திட்டத்தின் முதல் வாக்கியத்தை நம்பியவர், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றால், எதிர்த்தரப்பில் வலுவான பதில் இருக்கிறது. டெரிக் பார்ஃபிட் 1991 உரையில் பிரித்துக் காட்டிய நிலைப்பாடு அது: சமம் முக்கியமில்லை, மோசமான நிலையில் இருப்பவருக்குப் போகும் ஒரு ரூபாய்க்கு எடை அதிகம். கணக்குப் போடுவோம். 2023இல் வந்த விண்ணப்பங்கள் சுமார் 1.63 கோடி. தொடக்கத்தில் தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. ஆளுக்கு ஆண்டுக்கு 12,000 என்றால் செலவு சுமார் 12,720 கோடி. அத்தனை பேருக்கும் கொடுத்தால் 19,560 கோடி. செலவைக் கூட்டாமல் அதே பணத்தை எல்லோருக்கும் பிரித்தால் மாதம் 650 ரூபாய். வியாசர்பாடிப் பெண்ணிடம் 350 ரூபாயை எடுத்து, அண்ணா நகர்ப் பெண்ணை விசாரிக்காமல் விட்ட கௌரவத்துக்குச் செலவழிக்கலாமா? ஆண்டர்சன் பக்கம் சாய்பவர்கள் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியாது.

ஐரோப்பாவில் இதற்குத் தயாராக ஒரு விடை உண்டு: எல்லோருக்கும் கொடு, வசதியானவரிடம் வருமான வரியில் திரும்ப எடு. விசாரணையைக் கவுன்ட்டரிலிருந்து வரி அலுவலகத்துக்கு மாற்றுவது இது. சென்னையில் இந்த விடை வேலை செய்யாது. வருமான வரி ஒன்றிய அரசின் கையில். விவசாய வருமானத்தைத் தவிர்த்தால் மாநிலத்துக்கு அரசமைப்புச் சட்டம் விட்டுவைத்திருப்பது தொழில் வரி, அதற்கும் 276ஆவது கூறு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். அதாவது மாதம் 13,000 வாங்கும் கடை ஊழியரும் மூன்று லட்சம் வாங்கும் ஐ.டி. மேலாளரும் கட்டுவது ஒரே தொகை. 12,000 கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்க மாநிலத்தின் கையில் கருவி இல்லை. எல்லோருக்கும் கொடுப்பதை ஆதரிக்கும் வெளிநாட்டுக் கட்டுரைகளை இங்கே அப்படியே எடுத்து வீசுபவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அரிசியும் பேருந்தும் இந்தச் சிக்கலில் மாட்டாதது எப்படி? 1997இல் ஒன்றிய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் என்பதில் நின்றது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும் அதை விடவில்லை. ஆனாலும் அடையாறு அடுக்ககத்தில் இருப்பவர்கள் மாதாமாதம் பையோடு வரிசையில் நிற்பதில்லை. வரிசையும் அரிசியின் தரமும் தாமாகவே ஆட்களைப் பிரித்துவிடுகின்றன. வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கோ பொருளில்லா அட்டைக்கோ மாறிக்கொள்ளவும் வழி உண்டு. பேருந்திலும் அதே கதைதான்: அவசரமோ வசதியோ இருப்பவர் டீலக்ஸிலோ ஏ.சி. வண்டியிலோ காசு கொடுத்துப் போகிறார், காத்திருக்க முடிந்தவர் வெள்ளைப் போர்டுக்கு, அதாவது சாதாரணக் கட்டண வண்டிக்கு, காத்திருக்கிறார். விசாரணை நடக்கவில்லை, வடிகட்டல் நடக்கிறது.

பலன் நிஜமானது. இலவசப் பேருந்துப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆனால் ஆண்டர்சன் தேடிய அவமரியாதை இங்கே படிவத்திலிருந்து பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது. மட்டமான அரிசியும் குறைந்த வண்டிகளும்தான் வடிகட்டி என்றால், தரத்தை உயர்த்தாமல் இருப்பதில் நிர்வாகத்துக்கு ஒரு லாபம் கிடைத்துவிடுகிறது. குரல் உயர்த்தத் தெரிந்தவர்கள் டீலக்ஸுக்குப் போய்விட்ட பிறகு வெள்ளைப் போர்டுக்காகப் பேச யார் இருப்பார்கள்? பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போகிறது என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது, வசூலை வைத்தே ஒரு டிரிப்பை அளக்கும் பழைய பழக்கம். பூஜ்யக் கட்டண டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பது கணக்குக்காக, அதை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது. நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணை ஓட்டுநர் பயணியாகப் பார்க்கிறாரா என்பது அந்தக் கணக்கில் வராது. 2022இல் ஓர் அமைச்சர் மேடையில் இந்த இலவசப் பயணத்தை 'ஓசி' என்று சொல்லிக் கிளம்பிய சர்ச்சை நினைவிருக்கலாம். நிபந்தனையே இல்லாமல் கொடுத்துவிட்டு வாயால் கெடுக்கவும் முடியும்.

எல்லோருக்கும் என்றால் யார் எல்லோரும் என்பது அடுத்த சிக்கல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக, டோக்கன் போட்டு, ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. அரிசி அட்டைக்காரருக்கு விசாரணை இல்லை. வேகமாகப் போய்ச் சேர அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரின் அட்டை திருநெல்வேலியில் இருந்தால் அவர் மனு எழுத வேண்டும். தண்ணீரே வராத தெருவில் அட்டை இருந்தவர் எழுத வேண்டாம். ரேஷன் அட்டை நல்ல பட்டியல்தான். ஆனால் அது வீட்டு முகவரியின் பட்டியல், வெள்ளத்தின் பட்டியல் அல்ல. நகரத்தின் உறுப்பினர் யார் என்ற தத்துவக் கேள்வியை இங்கே முடிவு செய்வது முகவரி மாற்றும் விண்ணப்பம்.

நீதிமன்றமும் இந்த விவாதத்தில் ஒருமுறை வந்து போனது. இலவச டி.வி. திட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இல்லாதவரையும் இருப்பவரையும் சமமாக நடத்துவது சமத்துவத்துக்கே விரோதம் என்பது மனுதாரர் வாதம். அந்த விதி அரசு சுமை ஏற்றும்போதுதான் பொருந்தும், கொடுக்கும்போது பொருந்தாது என்று நீதிமன்றம் தள்ளியது. அதே தீர்ப்பு, இத்தகைய வாக்குறுதிகள் நேர்மையான தேர்தலின் அடிப்படையை ஆட்டுவதாகவும் சொல்லி, தேர்தல் ஆணையத்தை வழிகாட்டு நெறி வகுக்கச் சொன்னது. தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டு பக்கமும் தங்களுக்குத் தேவையான பாதியை மட்டும் வாசிப்பார்கள்.

வரியில் திரும்ப எடுக்க முடியாத மாநிலம், வருமானம் தெரியாத நகரம் என்ற இரண்டு கட்டுப்பாட்டுக்குள் தகுதி பார்க்கத்தான் வேண்டும் என்றால், நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. இதில் உரிமைத் தொகைத் திட்டம் பாதித் தூரம் சரியாகப் போயிருக்கிறது. நீ ஏழை என்று நிரூபி என்று கேட்காமல், நீ வசதியானவள் என்பதற்கான அடையாளங்களை அரசே தன் தரவில் தேடியது. வுல்ஃப் சொன்ன கூச்சம் இதில் பெருமளவு இல்லை. சறுக்கியது நிராகரிப்புக்குப் பிறகு. குறுஞ்செய்தி வந்தது, 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அந்த நொடியில் பாரம் விண்ணப்பதாரர் தலைக்கு மாறிவிடுகிறது. மீட்டர் இரண்டு குடித்தனத்துக்குப் பொது என்பதை அவர் எப்படிக் காட்டுவார்? வீட்டுக்காரரிடம் கடிதம் கேட்டால், சப்-மீட்டர் விவகாரம் வெளியே வரும் என்று அவர் தயங்குவார். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்வழி. எந்த அளவுகோலில், எந்தத் தரவில், எந்த மாதக் கணக்கில் தள்ளப்பட்டது என்று செய்தியிலேயே எழுதி, மீட்டர் தகராறு என்றால் மின்வாரியக் கணக்கெடுப்பாளரே அடுத்த ரீடிங்கின்போது கதவைத் தட்டி எத்தனை அடுப்பு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் எப்படியும் அந்த வாசலுக்கு வருகிறார்.